வேள்வியும் அனுமதிப்பத்திரமும்: முன்னேஸ்வரம் தீர்ப்பு தொடாமல் விட்ட கேள்வி

சிலாபம், முன்னேஸ்வரம் பத்திரகாளியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் நடந்துவந்த வேள்வி பற்றிய வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2013 ஆகஸ்ட் மாத இறுதியில் தீர்ப்பளித்தது. உரிய அனுமதிப்பத்திரம் பெறாமல் கோயில் வளவில் விலங்குகளை வெட்டுவது சட்டத்துக்கு முரண் என்பதே அதன் சாரம். 'வேள்விக்குத் தடை' என்ற செய்தியாக அது நாடெங்கும் போய்ச் சேர்ந்தது. கோயில்களில் உயிர்ப்பலி கூடாது என்று நெடுங்காலம் சொல்லிவந்தவர்கள் அதை அறத்தின் வெற்றியாக எடுத்துக்கொண்டார்கள். நேர்த்தி வைத்துவிட்டுத் திருவிழாவுக்காகக் காத்திருந்தவர்களுக்கு அது காளியின் வாசலில் விழுந்த பூட்டு. தீர்ப்பு நின்ற இடமோ இரண்டையும்விடச் சிறியது: 1893ஆம் ஆண்டின் கசாப்புக்காரர் கட்டளைச் சட்டம். இத்தனை சிறிய அடித்தளத்தின் மேல் அத்தனை பெரிய விளைவு எப்படி ஏறியது என்பதை விளங்கிக்கொள்ள, முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும்.

புத்தளம் மாவட்டத்தின் தென்பகுதியில், சிலாபம் நகரிலிருந்து சிறிது தூரம் உள்ளே போனால் முன்னேஸ்வரம். ஈழத்தின் ஈச்சரங்களில் ஒன்றாகச் சைவர்கள் போற்றும் தலம் இது. கோட்டை இராச்சியத்தின் ஆறாம் பராக்கிரமபாகு 15ஆம் நூற்றாண்டில் இதற்கு மானியம் வழங்கிய செய்தி கல்வெட்டாக இங்கே நிற்கிறது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் 1753இல் அதைத் திரும்பக் கட்டுவித்தான். பௌத்த மன்னர்கள் இருவர் பேணிய சிவன் கோயில் என்பது இந்த ஊரின் வரலாற்றில் விலக்கான செய்தி இல்லை. அதன் இயல்பே அப்படித்தான். முன்னைநாதரும் வடிவாம்பிகையும் உறையும் பெருங்கோயிலோடு பிள்ளையார், ஐயனார், காளி ஆகியோருக்கும் தனிக் கோயில்கள். அருகிலேயே பௌத்த விகாரை. சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். வடக்கே கடலோரத்தில் உடப்பு போன்ற தமிழ் மீனவர் ஊர்கள். ஆவணியில் 28 நாள் நடக்கும் பெருந்திருவிழா தேரோடும் தெதுறு ஓயாத் தீர்த்தத்தோடும் நிறைவுறும்போது, வந்து குவியும் கூட்டத்தில் பெரும்பகுதி சிங்கள பௌத்தர்கள்.

பெருங்கோயிலில் பலி கிடையாது. அங்கே ஆகம முறைப்படி குருக்கள்மார் பூசை செய்கிறார்கள். வேள்வி நடந்தது தனியாக நிற்கும் பத்திரகாளியம்மன் கோயிலில்தான், திருவிழா நிறைவை ஒட்டி. இரண்டு கோயில்களும் ஒரே ஊரில், ஒரே திருவிழாக் காலத்தில் இருந்தாலும் நிருவாகமும் வழிபாட்டு முறையும் வேறு. செய்திகளில் 'முன்னேஸ்வரம் கோயில்' என்று பொதுவாக எழுதப்பட்டபோதெல்லாம் இந்த வேறுபாடு அழிந்துபோனது. வழக்கைப் பற்றிய குழப்பங்களில் பாதி அங்கிருந்து தொடங்கியது.

காளியிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வழக்கோடுதான் வருகிறார்கள். களவு போன நகை, காணிப் பிணக்கு, காரணம் தெரியாத நோய், கைவிட்டுப்போன கணவன், அடித்துவிட்டுத் தண்டனையில்லாமல் திரியும் பக்கத்து வீட்டுக்காரன். தேங்காயைக் கையில் ஏந்தி, குறையை வாய்விட்டுச் சொல்லி, எதிரியின் பெயரையும் சொல்லி, கல்லில் ஓங்கி அடித்து உடைக்கிறார்கள். தேங்காய் சிதறும் சத்தம்தான் மனு ஏற்கப்பட்டதற்கான முத்திரை. மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1970களில் இலங்கையின் சூனிய, சாபத் தலங்களை ஆராய்ந்தபோது தேர்ந்துகொண்ட இடங்களில் முன்னேஸ்வரமும் ஒன்று. பொலிஸும் நீதிமன்றமும் தராத நீதியைத் தெய்வத்திடம் கேட்கும் இடங்களாக அவர் இவற்றைக் கண்டார். அப்படிக் கேட்டது கிடைத்தால் கடன் தீர்க்க வேண்டும். சேவல் நேர்ந்தவர் சேவலோடு வருவார், கிடாய் நேர்ந்தவர் கிடாயோடு வருவார். மஞ்சள் நீர் தெளித்து, கழுத்தில் பூமாலை போட்டு, நெற்றியில் குங்குமம் வைத்து நிறுத்தியிருக்கும் கிடாயின் கயிற்றை, பிள்ளைக்குச் சுகம் கேட்டு வந்த தாய் ஒருத்தி பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கு அது இறைச்சி அல்ல. கொடுத்த வாக்கு.

இதே காட்சியை மறுபக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்கும் கண் பொய் சொல்வதில்லை. நூற்றுக்கணக்கான ஆடுகளும் கோழிகளும் நெருக்கியடித்து அடைக்கப்பட்டுத் தம் முறைக்குக் காத்திருக்கும். ஒன்றின் இரத்த வாடையில் மற்றொன்று மிரளும். பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இதைக் கண்டு மனம் நொந்தவர்களை மதவெறியர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. அவர்களில் சைவர்களும் பலர் இருந்தார்கள்.

எதிர்ப்பு வலுத்தது போர் முடிந்த பிறகான ஆண்டுகளில். பௌத்த அமைப்புகளும் விலங்கு நலன் பேசுவோரும் திருவிழாக் காலம் நெருங்கும்போதெல்லாம் குரல் எழுப்பினார்கள். 2011 செப்டெம்பரில் அப்போதைய அமைச்சர் மேர்வின் சில்வா தம் ஆட்களோடு கோயிலுக்கு வந்து, பலிக்குக் கொண்டுவரப்பட்ட விலங்குகளை எடுத்துச் சென்றார். அன்று வேள்வி நின்றது. ஆனால் எந்த நீதிமன்றக் கட்டளையின் பேரில், எந்தச் சட்டப்பிரிவின் கீழ் அது நின்றது என்று கேட்டால் பதில் இல்லை. வேள்வியை வெறுத்த சட்டத்தரணிகள்கூட அந்த நாளைப் பற்றிச் சங்கடத்தோடுதான் பேச முடியும். செய்தது சரியென்று வைத்துக்கொண்டாலும் செய்த விதம் சட்டத்தின் ஆட்சி அல்ல.

ஆகவே விடயம் நீதிமன்றத்துக்குப் போனது நல்லதே. அது தீர்ப்பாக முடிந்த காலச்சூழலையும் மறந்துவிடக் கூடாது. 2013இன் தொடக்கத்தில் ஹலால் முத்திரைக்கு எதிரான இயக்கம் நாட்டை உலுக்கியது. அந்த ஆண்டு மே 24ஆம் திகதி, வெசாக் நாளில், மாடறுப்பை எதிர்த்து ஒரு பௌத்த பிக்கு கண்டியில் தமக்குத் தாமே தீ மூட்டிக்கொண்டார். அடுத்த நாள் இறந்தார். விலங்கு வதை பற்றிய பேச்சு சிறுபான்மையினரின் உணவையும் வழிபாட்டையும் குறிவைக்கும் பேச்சாக மாறியிருந்த நேரம் அது. மூன்று மாதம் கழித்து வந்த முன்னேஸ்வரம் தீர்ப்பைத் தமிழர்களும் முஸ்லிம்களும் எந்த மனநிலையில் வாசித்திருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல. நீதிபதிகள் சட்டத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். வாசிப்பவர்கள் வீதியைப் பார்த்து வாசிக்கிறார்கள்.

தீர்ப்பு ஏன் அனுமதிப்பத்திரத்தோடு நின்றது என்பதற்கான விடை இலங்கை அரசியலமைப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதம் ஆகியவற்றின் சுதந்திரத்தை எல்லோருக்கும் தருகிறது. அதற்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. 14(1)(உ) உறுப்புரை அந்த மதத்தை வழிபாட்டிலும் அனுட்டானத்திலும் நடைமுறையிலும் போதனையிலும் வெளிப்படுத்தும் உரிமையைப் பிரசைகளுக்குத் தருகிறது. இதற்குக் கட்டுப்பாடு உண்டு: பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம், பிறர் உரிமை முதலியவற்றை முன்னிட்டுச் சட்டத்தின் மூலம் வரையறுக்கலாம் என்கிறது 15(7). நம்புவது தடையற்றது, நம்பியதைச் செய்வது வரையறைக்குட்பட்டது. வேள்வி இரண்டாவது வகை. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி தெளிவு: காளிக்குக் கிடாய் கொடுப்பது 14(1)(உ) காக்கும் வழிபாடா? ஆம் என்றால், அதைத் தடுப்பதற்கு 15(7) சொல்லும் காரணங்களில் எது பொருந்தும்?

இந்தக் கேள்வியை முழுமையாக எடுத்து விசாரிக்கும் அதிகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இல்லை. அடிப்படை உரிமை மீறலை விசாரிக்கும் தனியதிகாரம் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்துக்கே உரியது. (இலங்கையில் 'உயர் நீதிமன்றம்' என்பது நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றம். தமிழ்நாட்டு வாசகர் அதை உச்ச நீதிமன்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.) மேன்முறையீட்டு நீதிமன்றத்திடம் இருப்பது 140ஆம் உறுப்புரை தரும் எழுத்தாணை அதிகாரம். அந்த வாசல் வழியே போகிறவர் கேட்கக்கூடியது ஒன்றுதான்: இன்ன அதிகாரிக்குச் சட்டம் இன்ன கடமையை விதித்திருக்கிறது, அவர் செய்யவில்லை, செய்யும்படி கட்டளையிடுங்கள். பொலிஸும் பிரதேச சபையும் தம் கண்முன்னே சட்டமீறல் நடக்க விட்டார்களா என்பதே அங்கே பிரச்சினை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் விலங்கு வெட்டப்பட்டது, அனுமதிப்பத்திரம் வேண்டும் என்கிறது சட்டம், முடிந்தது. எந்த வாசலில் தட்டுகிறோமோ அந்த வாசலுக்குரிய பதில்தான் கிடைக்கும்.

இதற்கு மேல் இன்னொரு தாழ்ப்பாளும் உண்டு. அது 16ஆம் உறுப்புரை. அரசியலமைப்பு வருவதற்கு முன்பே இருந்த சட்டங்கள், அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும், செல்லுபடியாகும் என்று அது சொல்கிறது. கசாப்புக்காரர் கட்டளைச் சட்டம் 1893இல் வந்தது. விலங்கு வதைக் கட்டளைச் சட்டம் 1907இல் வந்தது. இரண்டும் ஆங்கிலேயர் காலத்தவை. நேர்த்திக்கடனுக்கு இந்தச் சட்டங்கள் தடையாக இருக்கின்றன, ஆகவே மதச்சுதந்திரத்துக்கு முரணானவை என்று பக்தர் ஒருவர் உயர் நீதிமன்றம் வரை போய் வாதாடினாலும், அந்தச் சட்டங்களை நீதிமன்றம் செல்லாதவையாக்க முடியாது. மதச்சுதந்திரத்துக்கு உத்தரவாதம் தரும் அதே அரசியலமைப்பு, பிரித்தானிய ஆளுநரின் காலத்துச் சட்டத்தை அந்த உத்தரவாதத்துக்கு மேலே வைத்திருக்கிறது. முன்னேஸ்வரம் விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்பட்டதும், உண்மையில் மிகக் கூடுதலாகப் பேசப்பட வேண்டியதும் இதுதான்.

அந்த இரண்டு சட்டங்களையும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 1893இன் சட்டம் விலங்குகளின் நன்மைக்காக எழுதப்பட்டதல்ல. யார் வெட்டலாம், எங்கே வெட்டலாம், எப்படிப்பட்ட விலங்கை வெட்டலாம் என்பதை உள்ளூராட்சியின் கண்காணிப்பில் வைப்பதே அதன் வேலை. களவெடுத்த மாடும் நோய்கண்ட ஆடும் இறைச்சிக்கடைக்கு வந்துவிடக்கூடாது என்பது அதன் கவலை. பக்தர் கசாப்புக்காரரா என்பது அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் நினைத்தும் பார்த்திராத கேள்வி. வேள்வியை ஆதரித்தவர்கள் இதைத்தான் பற்றிப்பிடித்தார்கள்: விற்பதற்காக வெட்டுகிறவனுக்கான சட்டத்தைத் தெய்வத்துக்குக் கொடுக்கிறவன் மேல் போடலாமா? எதிர்த்தவர்களிடமும் நேர்மையான பதில் இருந்தது: நோய்த்தொற்றும் அசுத்தமும் நோக்கம் பார்த்துப் பரவுவதில்லை, ஆயிரக்கணக்கானோர் கூடும் இடத்தில் நூற்றுக்கணக்கான விலங்குகள் வெட்டப்பட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அங்கே இருக்கத்தான் வேண்டும்.

1907இன் சட்டமோ வதையைப் பற்றி நேரடியாகப் பேசுகிறது. விலங்குக்குத் தேவையற்ற வேதனை கொடுப்பதும், தேவையற்ற கொடூர முறையில் கொல்வதும் குற்றம். ஆனால் அடிப்படை வதைக் குற்றத்துக்கு அது வைத்த தண்டப்பணத்தின் உச்சம் 100 ரூபாய். 1907இல் நூறு ரூபாய் ஒரு குடும்பத்தைக் கலங்கடிக்கும் தொகை. இன்று சிலாபம் சந்தையில் ஒரு கிலோ நண்டின் விலைக்குக் கிட்டவும் வராது. விலங்கு வதையை எதிர்த்து எவ்வளவு உரக்கப் பேசிய அரசியல்வாதியும், பாராளுமன்றத்தில் இந்த எண்ணை மாற்ற முழு மூச்சோடு முன்வரவில்லை. விலங்கு நலன் சட்டமூலம் ஒன்றைச் சட்ட ஆணைக்குழு 2006இலேயே வரைந்து கொடுத்திருந்தது. ஆட்களோடு கோயிலுக்கு வருவதைவிட, அந்த வரைவைச் சபைக்குக் கொண்டுவந்திருந்தால் விலங்குகளுக்கு உண்மையான பயன் கிடைத்திருக்கும்.

தமிழர்களுக்குள் நடந்த விவாதம் வேறு தடத்தில் போனது. அது இந்த வழக்கைவிட வயது முதிர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்துக் கோயில்களில் நடந்த உயிர்ப்பலியைக் கடுமையாகக் கண்டித்தார். ஆகமங்கள் விதித்த சிவபூசையில் பலிக்கு இடமில்லை, புலால் மறுத்தலே சைவத்தின் அடையாளம் என்பது அவர் வழிவந்த நிலைப்பாடு. அந்த வழியில் நிற்கும் சைவ அமைப்புகள் 2013 தீர்ப்பை வரவேற்றதில் வியப்பில்லை. மறுபக்கத்தில் வைரவருக்கும் காளிக்கும் அண்ணமாருக்கும் பொங்கிப் படைத்து, கிடாய் வெட்டி, ஊரோடு பகிர்ந்து உண்ட மரபு இருக்கிறது. அது ஆகமக் கோயிலுக்குள் நுழையக்கூட அனுமதிக்கப்படாதிருந்த மக்களின் மரபு. அவர்களுடைய தெய்வம் மரத்தடியில் இருந்தது, அவர்களுடைய பூசாரி அவர்களில் ஒருவர். 'இது சைவமே அல்ல' என்று மேலிருந்து சொல்லும்போது, யாருடைய சைவம் சைவமாகக் கொள்ளப்படுகிறது என்ற கேள்வி தானே எழுகிறது. சாதியைப் பேசாமல் வேள்வியைப் பேச முடியாது.

யாழ்ப்பாணத்தில் இதே பிரச்சினை சைவர்களுக்கிடையிலான வழக்காகவே வந்தது. அங்கே பிக்குமாரும் இல்லை, அமைச்சரும் இல்லை. சைவ அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், யாழ்ப்பாண மேல் நீதிமன்ற நீதிபதி மா. இளஞ்செழியன் 2017 ஒக்டோபரில் ஆலயங்களில் மிருகபலிக்குத் தடை விதித்துத் தீர்ப்பளித்தார். முன்னேஸ்வரத்தில் பெரும்பான்மை மதத்தின் அழுத்தம் என்று ஐயப்பட இடமிருந்தது. யாழ்ப்பாணத்தில் அந்த ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் ஒரே மதத்துக்குள் வலுவுள்ளவர்கள் வலுவற்றவர்களுக்கு வழிபாட்டு முறையை வகுக்கலாமா என்ற கேள்வி அதே கனத்தோடு நின்றது. அடுத்த ஆண்டு, 2018 செப்டெம்பரில், இந்துக் கோயில்களில் விலங்குகளையும் பறவைகளையும் பலியிடுவதைத் தடுக்கும் சட்டமொன்றை வரைய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. முன்மொழிந்தவர் இந்து சமய விவகாரத்துக்குப் பொறுப்பாக இருந்த டி. எம். சுவாமிநாதன். அது சட்டமாக வரவில்லை.

பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாடு இதே வழியில் ஏற்கெனவே நடந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தது. 1950இல் இயற்றப்பட்ட பலித் தடைச் சட்டம் அரை நூற்றாண்டு ஏட்டில் கிடந்தது. 2003 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொன்னது. கிடாவெட்டு இல்லாமல் முனியாண்டிக்கும் கருப்பனுக்கும் கொடை எப்படி என்று கிராமங்கள் கொதித்தன. சில மாதங்களில், 2004இல், அதே அரசு அந்தச் சட்டத்தையே நீக்கியது. கேரளத்தில் 1968ஆம் ஆண்டின் தடைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைக் கேரள உயர் நீதிமன்றம் 2020இல் உறுதிசெய்தது. வழக்கு இந்திய உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே எழுப்பப்பட்ட வாதம் கூர்மையானது. அந்தச் சட்டம் தெய்வத்தின் பொருட்டுக் கோயிலில் கொல்வதைத்தான் தடுக்கிறது; உண்பதற்காக அதே ஆட்டைக் கொல்வதைத் தடுக்கவில்லை. அப்படியானால் தண்டிக்கப்படுவது வதையா, வழிபாடா? இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றம் 2014இலும் திரிபுரா உயர் நீதிமன்றம் 2019இலும் கோயில் பலியைத் தடைசெய்தன. திரிபுராத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் இடைநிறுத்தியது.

இந்திய நீதிமன்றங்களுக்கு இதில் ஒரு அளவுகோல் உண்டு. 1954இன் சீரூர் மடம் வழக்கிலிருந்து வளர்ந்த அது, ஒரு வழக்கம் அந்த மதத்துக்கு இன்றியமையாததா என்று கேட்கிறது. இன்றியமையாதது என்றால் பாதுகாப்பு, இல்லையென்றால் அரசு தலையிடலாம். 1958இல் ஹனீஃப் குறைஷி வழக்கில், பக்ரீத்துக்கு மாட்டையே குர்பானி கொடுப்பது இஸ்லாத்தில் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது இப்படித்தான். இந்த அளவுகோலில் ஒரு பெருங்குறை: நூல் உள்ள மதம் நூலைக் காட்டித் தப்பிக்கும், நூல் இல்லாத கிராமத்துக் காளி எதைக் காட்டுவாள்? முன்னேஸ்வரத்துக்கு இதைக் கொண்டுவந்தால், எழுதப்படாத வழிபாடு எப்போதும் தோற்கும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1993இல் வேறொரு அளவுகோலை எடுத்தது. புளோரிடாவின் ஹையாலியா நகரில் கியூபாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் சான்டேரியா மதத்தார் கோழியும் ஆடும் பலியிட்டுவந்தார்கள். நகரசபை அவசர அவசரமாகச் சட்டங்கள் போட்டுத் தடுத்தது. நீதிபதிகள் அனைவரும் ஒருமித்து அந்தச் சட்டங்களைத் தள்ளினார்கள். வேட்டையாடலாம், பூச்சி எலிகளைக் கொல்லலாம், இறைச்சிக்குக் கொல்லலாம், கடவுளுக்கு மட்டும் கொல்லக்கூடாது என்றால் அந்தச் சட்டத்தின் இலக்கு விலங்கு நலன் அல்ல, ஒரு மதம் என்பது அவர்கள் கண்ட முடிவு. எல்லோருக்கும் பொதுவான சட்டம் போட்டால் அது வேறு. ஐரோப்பா அந்தப் பொதுச் சட்டத்தின் பக்கம் நகர்ந்திருக்கிறது. பெல்ஜியத்தில், எந்த மதத்தவராயினும் விலங்கை வெட்டுமுன் உணர்விழக்கச் செய்ய வேண்டும் என்ற விதியை எதிர்த்து முஸ்லிம்களும் யூதர்களும் போட்ட வழக்கில், ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2024 பெப்ரவரி 13ஆம் திகதி அந்த விதி செல்லும் என்றது. விலங்கு நலன் 'பொது ஒழுக்கம்' என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று அது முதன்முறையாக ஏற்றுக்கொண்டது. இலங்கையின் 15(7) உறுப்புரையிலும் 'ஒழுக்கம்' என்ற சொல் இருக்கிறது. அதன் பொருளை முன்னேஸ்வரம் தொடர்பில் எந்த நீதிபதியும் திறந்து பார்க்கவில்லை.

இலங்கை நீதிமன்றங்களுக்கு இப்படிப்பட்ட கேள்வியை எதிர்கொள்ளத் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி பற்றிய ஆஷிக் எதிர் பந்துல வழக்கில், உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் நேரே அந்த இடத்துக்கு வந்தது. தொழுகை அழைப்பின் புனிதத்தை அது ஆராயவில்லை. விரும்பாத காதில் சத்தத்தைத் திணிக்கும் உரிமை எந்த மதத்துக்கும் இல்லை என்று சொல்லி, பள்ளிவாசலுக்கும் பிரித் ஓதும் விகாரைக்கும் கோயில் திருவிழாவுக்கும் பொருந்துமாறு இரவு நேரத்துக்கு ஒரே விதியை வகுத்தது. முஸ்லிம்கள் பலருக்கு அந்தத் தீர்ப்பு வருத்தம் தந்தது. இருந்தும் விதி எல்லோர் வாசலிலும் ஒரே அளவில் விழுந்தது என்பதை அவர்களும் மறுக்க முடியாது.

முன்னேஸ்வரம் தீர்ப்பில் இல்லாமல்போனது அந்த ஒரே அளவுதான். அதற்காக நீதிபதிகளைக் குறைசொல்வது நியாயமல்ல. தம் முன் வைக்கப்பட்ட கேள்விக்குத் தம் அதிகாரத்துக்குள் நின்று பதில் சொன்னார்கள். ஆனால் அந்தப் பதில் வேள்வியைத் தவறு என்று சொல்லவில்லை, அனுமதிப்பத்திரம் இல்லாததைத்தான் தவறு என்றது. கோயில் நிருவாகம் நாளை விண்ணப்பித்து, பிரதேச சபை அனுமதித்து, சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்து, வதையில்லாமல் வெட்டினால் என்ன ஆகும்? தீர்ப்பின் தர்க்கப்படி அது சட்டபூர்வமாகிவிடும். நடைமுறையில், அப்படியொரு விண்ணப்பத்தில் கையொப்பமிடும் துணிவு எந்த உள்ளூராட்சித் தலைவருக்கு இருக்கும்? வாக்குக் கேட்டு வீட்டுக்கு வீடு போக வேண்டியவரின் மேசையில், ஒரு மக்கள் கூட்டத்தின் மதச்சுதந்திரம் தீர்மானிக்கப்படுகிறது. அனுமதிப்பத்திரம் என்ற சொல் நிருவாகச் சொல்லாகத் தெரிந்தாலும், அதைக் கொடுக்காமல் வைத்திருப்பதே போதும், தடைச்சட்டம் தேவையில்லை.

காளி கோயிலுக்குக் கூட்டம் குறையவில்லை. இரத்தப் பலிக்கு மாற்றாகப் பூசணிக்காயை வெட்டி உள்ளே குங்குமம் தடவி வைப்பதும், எலுமிச்சங்காய் நறுக்குவதும் சாக்த வழிபாட்டில் பழைய வழிதான். அதை ஏற்றுக்கொண்டவர்கள் உண்டு. விலங்குக்குப் பதில் பொருளோ பணமோ கொடுத்து மனம் ஆறுகிறவர்கள் உண்டு. நேர்ந்தது கிடாய், கொடுத்தது காய், கடன் தீர்ந்ததா என்று உறக்கம் கெடுபவர்களும் உண்டு. அவர்களில் சிங்களத் தாய்மாரும் தமிழ்த் தாய்மாரும் இருக்கிறார்கள். இந்து வழக்கமா பௌத்த எதிர்ப்பா என்று இரண்டு கட்சியாகப் பிரித்து இந்த வழக்கைச் சொன்னவர்கள், நேர்த்தி வைத்தவர்களில் பெரும்பான்மையினர் யார் என்பதைப் பார்க்கத் தவறினார்கள்.

விலங்கு படும் வேதனை உண்மையானது. அதைக் குறைக்கும் கடமை கோயிலுக்கும் உண்டு, கோழிப்பண்ணைக்கும் உண்டு, மாடறுக்கும் கொல்களத்துக்கும் உண்டு. கோயிலில் ஆண்டுக்கு ஒருநாள் நடப்பதை மட்டும் தேடிப் பிடித்துவிட்டு, மற்ற நாட்களில் கதவுக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்காத சட்டம் விலங்குகளுக்கும் நீதி செய்யாது, மனிதர்களுக்கும் நீதி செய்யாது. எல்லா மதத்துக்கும் எல்லாக் கொல்களத்துக்கும் பொருந்துகிற, வதையின் அளவைப் பார்க்கிற, தண்டனைக்கு இன்றைய மதிப்பு வைக்கிற ஒரே சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்ற வேண்டும். அதோடு 16ஆம் உறுப்புரையை மாற்றி, பழைய சட்டங்களையும் அடிப்படை உரிமைகளின் முன் நிறுத்த வேண்டும். இந்த இரண்டில் எதுவும் நடக்காதவரை முன்னேஸ்வரத்துக்குச் சட்டம் சொல்வது 1893இன் கட்டளைச் சட்டம்தான்.